ஏறுமீனும் எளியோர் உரிமையும்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர் நெஞ்சில் எழுவன போர்களும் முடிசூட்டு விழாக்களுமே. முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் வரலாறு கற்பித்துவரும் யானும் அவற்றையே பெரிதும் கற்பித்து வந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போடிநாயக்கனூர், மதுரை நாயக்கர் ஆட்சியில் அமைந்த 72 பாளையங்களுள் ஒன்று என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அப் பாளையத்துக் கண்மாய்களின் மடைகளைத் திறந்தவர் யார், அடைத்தவர் யார் என்று ஒருநாளேனும் எழுதியதில்லை. பாடநூலில் அஃது இல்லை. தேர்வில் வினாவாக வருவதும் இல்லை. நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று நண்பர்கள் கேட்டபொழுது, அப் பழைய கடனில் ஒரு பகுதியையேனும் தீர்க்கலாம் என்று கருதினேன்.

எடுத்துக்கொண்ட பொருள் மீன். இளைஞர்கள் சிரிக்க வேண்டா. கயற்கொடி உயர்த்திய பாண்டியரின் மீன் அன்று இது. ஐப்பசி மழையில் வாய்க்கால் வழியே நீரோட்டத்தை எதிர்த்து ஏறிவரும் கெண்டையும் கெளுத்தியும், அவற்றைப் பிடித்துப் பசியாறிய நம் முன்னோரும், அம் மீன் யாருக்கு உரியது என்று எழுந்த வழக்குமே இக் கட்டுரையின் பொருள்.

மீன் ஏறும் வழி

போடிக்கு மேற்கே குரங்கணி, கொட்டகுடி மலைகளில் பிறக்கும் கொட்டகுடி ஆறு, அணைப்பிள்ளையார் கோயில் அருகே பாறைகளில் வீழ்ந்து, சமவெளியை அடைந்து, நகரை ஒட்டிச் சென்று, தேனிக்கு அருகே வைகையின் நீர்த்தொகுதியோடு சேர்கிறது. அவ் ஆற்றிலிருந்தும் மலையோடைகளிலிருந்தும் பிரியும் கால்கள் மீனாட்சியம்மன் கண்மாய், பங்காருசாமி நாயக்கர் கண்மாய் முதலிய நீர்நிலைகளுக்கு நீர் கொணர்கின்றன. ஒரு கண்மாய் நிறைந்தால் மிகை நீர் மறுகால் வழியே வழிந்து அடுத்த கண்மாயை நாடும். மடை வழியே பாய்ந்த நீர் வயல்களில் பரவி, வடிகால்களில் கூடி, மீண்டும் ஓடையையோ ஆற்றையோ அடையும். மனிதன் இத் தொடரை நெல்லுக்காக அமைத்தான். மீன் அதனைத் தன் வழியாக ஆக்கிக்கொண்டது.

நம் வட்டாரத்தில் புதுநீர் இருமுறை வருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை மலைமுகட்டில் கொட்டும். சமவெளியில் நமக்குச் சாரலும் காற்றுமே மிஞ்சும். ஆயினும் ஆற்றில் நீர் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மலையிலும் சமவெளியிலும் ஒருங்கே பெய்து கண்மாய்களை நிரப்பும். கோடை முழுதும் சுருங்கிக் கிடந்த குட்டையிலும் ஆற்று மடுவிலும் காத்திருந்த மீன், மண்ணின் மணம் ஏறிய கலங்கல் நீர் வந்து முகத்தில் மோதியவுடன் புறப்படுகிறது. நீர் குளிர்வதும், மட்டம் உயர்வதும், ஓட்டம் எதிரே இழுப்பதும் சேர்ந்தால் சினை முற்றிய மீன் நில்லாது. வாய்க்காலில் நுழையும், மறுகாலின் கல்தளத்தில் துள்ளும், வரப்பு உடைப்பின் வழியே வயலுக்குள் பாயும், முழங்கால் நீரும் இல்லாத இடத்தில் முதுகு வெளியே தெரிய நெளிந்து செல்லும்.

ஏன் இவ்வளவு இடர்ப்பட வேண்டும்? புதிதாக மூழ்கிய தரையில் முட்டையைத் தின்னும் பெரிய மீன்கள் இல்லை. ஆழமற்ற நீரில் வெப்பமும் காற்றும் மிகுதி. அழுகும் புல்லிலும் தாளிலும் பெருகும் நுண்ணுயிர்கள் குஞ்சுகளுக்கு முதல் உணவு. கெண்டை இனத்து மீன் பலவற்றின் முட்டைகள் ஒரு நாளுக்குள்ளாகவே பொரித்துவிடும். நீர் வடியும்பொழுது குஞ்சுகள் அந்நீரோடு இறங்கிக் கண்மாயையும் ஆற்றையும் சேரும். ஆகவே நமது நெல்வயலின் கணுக்கால் அளவு நீர் வெறும் பயிர்நீர் அன்று. மீன்குலத்தின் தொட்டிலும் அதுவே.

எல்லா மீனும் இவ்வாறு ஏறுவதில்லை. விரால் கண்மாயின் ஓரத்துப் புல்லை விலக்கி இடம் செய்து முட்டையிட்டு, செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீந்தும் வரை தாயும் தந்தையுமாய்க் காவல் நிற்கும். சிறுவயதில் அத்தகைய திரளின் மேல் யான் கூடையைக் கவிழ்க்கப் போனபோது, என் அப்பத்தா கையைப் பிடித்துத் தடுத்து, “அவ கைப்பிள்ளைக்காரிடா, விட்டுரு” என்றார். எழுத்தறியாத அம்மூதாட்டி கூறியதற்கு மேல் மீனியல் நூலும் அதிகமாக ஒன்றும் கூறிவிடவில்லை. விலாங்கோ இதற்கு நேர்மாறானது. அது வளர்வது நன்னீரில்; முட்டையிடுவது கடலில். 1959-ஆம் ஆண்டு வைகை அணை எழுந்த பின், மேலே உள்ள ஆறுகளின் விலாங்குக்குக் கடலுக்குப் போவதும் கடலிலிருந்து குஞ்சு மீள்வதும் அரிதாயின. அணை கட்டியது தவறு என்று யான் கூற வரவில்லை. அவ் ஆண்டில் மாநிலத்தின் பொதுப்பணித்துறை அமைச்சராக விளங்கியவர் தும்பைப்பட்டி தந்த நம் கக்கன் அவர்கள் என்பதில் எனக்குப் பெருமையே உண்டு. ஆனால் ஓர் அணை யாருக்கு நீர் தருகிறது என்பதோடு யாருடைய வழியை அடைக்கிறது என்பதையும் எழுதுவது வரலாற்றாசிரியனின் கடமை.

மீன்பாசி

கண்மாயின் மீன் விளைவை நம் பக்கத்தில் ‘மீன்பாசி’ என்பர். ‘மீன்பாசிக் குத்தகை’, ‘மீன்பாசி ஏலம்’ என்ற சொற்கள் அரசு அறிவிப்புகளிலும் இன்றளவும் வழங்குகின்றன. இச் சொல்லின் வேர் பழமையானது. ஏரி, குளங்களின் மீன் விளைவுக்கு வாங்கிய வரியைப் ‘பாசிப்பாட்டம்’ என்று இடைக்காலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. ஏரியின் மீன் வருவாயைக் கொண்டே அந்த ஏரியைத் தூர்வாரிக் கரையை உயர்த்த வேண்டும் என விதித்த கல்வெட்டுகளும் தமிழகத்தில் உண்டு. அந்த ஏற்பாட்டை எண்ணும்தோறும் எனக்கு வியப்பே தோன்றுகிறது: மீன் விற்ற பணம் மீனின் வீட்டைச் சீர்செய்யத் திரும்பியது.

அவ் வரி கட்டிய குத்தகையாளர் யார் என்பதைக் கல்வெட்டு சொல்லலாம். மடையில் மூழ்கி அடைப்பைப் பிடுங்கியவர் யார் என்பதைச் சொல்லுவதில்லை. நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினும், தென்மாவட்டங்களில் பல கண்மாய்களில் இப்பணி நம் மக்களிடமே இருந்தது. நள்ளிரவில் மறுகாலைக் காப்பதும், உடைப்பெடுத்த கரையில் மண்ணும் வைக்கோலும் போட்டு நெஞ்சைக் கொடுத்து நிற்பதும், கடைமடை வயலுக்கும் நீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் அவர் கடமை. ‘மடையன்’ என்னும் வசைச்சொல் மடை திறப்போனைக் குறித்துப் பிறந்தது என்பாரும் உளர். மடமை என்பதிலிருந்து வந்தது என்பதே இலக்கணத்துக்குப் பொருந்தும் என்று எண்ணுகிறேன். எனினும் இரண்டும் ஒன்றே போலும் என்று ஊரார் காதில் விழுந்ததற்கு இலக்கணம் பொறுப்பாகாது.

இப்பணிக்குக் கூலி, அறுவடைக் களத்தில் அளக்கப்படும் தானியம். அதன் பெயர் ‘சுதந்திரம்’. விடுதலை என்று இன்று நாம் பொருள் கொள்ளும் அதே சொல்தான், களத்தில் பிறர் மனம் வைத்து அளக்கும் சில மரக்கால் நெல்லுக்கும் பெயராயிற்று. கண்மாய்க்குள் இருக்கும் மீனில் நீர்ப்பாய்ச்சிக்குப் பங்கு இல்லை. கோடையில் கண்மாய் அழியும்போது ஊரார் எல்லாரும் இறங்கிக் கலக்கும் நாளில் கிடைப்பது கிடைக்கும். ஆனால் வாய்க்காலிலும் வயலிலும் மறுகால் ஓடையிலும் ஏறும் மீனை எவரும் ஏலம் விட்டதில்லை, எவரும் கணக்கில் எழுதியதில்லை. நம் தெருக்களில் ஐப்பசி மாதத்தை வாழவைத்தது அந்த மீனே. கம்பு தீர்ந்து, புது நெல் வராத இடைக்காலம் அது. மூங்கிலால் பின்னிய பறியை வாய்க்காலின் குறுக்கே வைத்து இருபுறமும் மண்ணால் அணைப்பர் ஆடவர். வயலில் ஊத்தாவைக் குத்திக் குத்தி நடந்து, உள்ளே மீன் மோதினால் மேல்வாய் வழியே கையை விட்டு எடுப்பர். பெண்டிர் பழஞ்சேலையை இருவராய்ப் பிடித்து அயிரையை அரிப்பர். அயிரையை உயிரோடு கொணர்ந்து, தேங்காய்ப்பால் கலந்த நீரில் விட்டு வயிற்று மண்ணைக் கக்கச் செய்து, உப்பிட்டுச் சட்டியில் உரசிக் கழுவும் பக்குவம் இன்று மதுரை உணவு விடுதிகளில் பெரும் விலை பெறுகிறது. தேங்காய்ப்பாலுக்கு வழியில்லாத எங்கள் வீட்டில் நல்ல நீரை மூன்று முறை மாற்றுவதோடு சரி. சுவையில் குறை கண்டதாக நினைவில்லை.

மறுகாலில் ஓர் இரவு

என் தாத்தா எங்கள் ஊர்க் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி. 1979-ஆம் ஆண்டை ஒட்டிய ஓர் ஐப்பசி இரவு. யான் நான்காம் வகுப்பு மாணவன். கண்மாய் மறுகால் பாய்ந்தது. அரிக்கேன் விளக்கை என் கையில் கொடுத்து, மறுகாலுக்குக் கீழே நூறு அடி தள்ளி, ஓடை குறுகும் இடத்தில் தாத்தா பறியைக் கட்டினார். இரண்டாம் சாமத்துக்குள் பறி நிறைந்தது. கெண்டையே மிகுதி, கெளுத்தி சில, கையளவு ஆரால் ஒன்று.

அப்போது மீன்பாசிக் குத்தகை எடுத்தவரின் ஆட்கள் மூவர் டார்ச் விளக்குடன் வந்தனர். அவருள் இருபது வயது இளைஞன் ஒருவன், அறுபதைக் கடந்த தாத்தாவைப் பார்த்து, “கம்மா மீனை எவன்டா பிடிக்கச் சொன்னது?” என்று கேட்டான். தாத்தா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்ன மறுமொழியை யான் மறக்கவில்லை: “சாமி, இது கீழே இருந்து மேலே ஏறுற மீனு. கம்மாக்குள்ள இன்னும் போகலை. போகாத மீனு எப்படிச் சாமி கம்மா மீனாகும்?”

ஒரு கணம் மூவரும் பேசவில்லை. பின்னர் ஒருவன் பறியை உதைத்து மிதித்தான். மீனெல்லாம் ஓடையில் போயின. அவர்களும் எடுத்துக்கொள்ளவில்லை.

இதனை எழுதும் வேளையில் நடுநிலையாகவும் எண்ணிப் பார்க்கிறேன். மறுகாலுக்குக் கீழே ஏறும் மீனில் ஒரு பகுதி, முன்பு கண்மாயிலிருந்து மிகை நீரோடு வழிந்து இறங்கிய மீனாகவும் இருக்கலாம். ஆகவே குத்தகைக்காரரின் கூற்று முற்றும் ஆதாரமற்றது அன்று. ஆனால் அக் குத்தகைக்காரர் ஒரு குஞ்சையேனும் கண்மாயில் விட்டவர் அல்லர். கண்மாயில் அந்நாளில் இருந்த மீன் அனைத்தும் தாமாக ஏறி வந்தவையே. அவர் வாங்கியது நீர்ப்பரப்பின் ஏலச் சீட்டை. தாத்தாவிடம் இருந்தது நீர் வரும் நேரத்தையும் மீன் வரும் வழியையும் பற்றிய அறிவு. முன்னதற்கு இரசீது உண்டு. பின்னதற்கு இல்லை.

அவ்வாண்டு களத்தில் தாத்தாவுக்கு அளக்க வேண்டிய சுதந்திரம் அளக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு என் தந்தையார் ஏலத்தோட்டக் கூலிக்கு மலையேறினார். அக் கூலியில்தான் யான் பி.ஏ. வரை படித்தேன். எங்கள் குடும்பத்தில் மடை வேலை தாத்தாவோடு முடிந்தது. ஏலக்காய் பறிப்புக் காலமும் மீன் ஏறும் காலமும் ஒன்றே ஆதலால், மீன் வழி அறிந்த குடும்பங்கள் பல, மீன் ஏறும் இரவுகளில் மலைமேல் தோட்டத்துக் குடிசைகளில் இருந்தன என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

சட்டம் எங்கே நின்றது?

மீன் ஏறுவதைப் பற்றி அரசு அறியாதிருந்தது என்று கொள்ள வேண்டா. சென்னைப் படைப்பிரிவில் மருத்துவராக இருந்து மீனியல் அறிஞரான பிரான்சிஸ் டே என்பவர் 1873-இல் இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்கள் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். முட்டையிட ஏறும் மீனையும் இறங்கும் குஞ்சையும் வாய்க்கால்களிலும் வயல்களிலும் கண்ணிகள் வைத்து அழிப்பதை அவர் கண்டித்தார். சென்னை மாகாணத்தில் ஆட்சியராகப் பணிபுரிந்த எச்.எஸ். தாமஸ் என்பவரும் மீன் அழிவைத் தடுக்க வேண்டுமென வாதிட்டவர். இத்தகைய எழுத்துகளைத் தொடர்ந்து 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது அச் சட்டத்தால் குற்றமாயிற்று. நல்ல சட்டமே. ஆனால் பறி வைக்கும் ஏழையை மீனின் பகைவனாகக் கண்ட அளவுக்கு, அவ் ஏழைக்கு ஏன் வேறு மீன் இல்லை என்ற கேள்வியை அவ் அறிஞர்கள் எழுப்பியதாகத் தெரியவில்லை.

மறுபுறம், நீரைத் தொடும் உரிமைக்கே நம் தலைவர்கள் போராடிக்கொண்டிருந்தனர். 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோர் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி ஒரு கை நீர் பருகினார். 1938-இல் எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் நிறைவேறிற்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு, அரசுப் பணத்தில் பேணப்படும் கிணறு, குளம், படித்துறைகளில் சாதியால் எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. 17-ஆம் உறுப்பு தீண்டாமையையே ஒழித்தது.

ஆக, நீரைப் பருகும் உரிமை வந்தது. நீரின் விளைவில் பங்கு வந்ததா? ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டு, ஜமீன் கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. 100 ஏக்கருக்கு மேற்பட்ட பாசனம் உடையவை பொதுப்பணித்துறையின் பொறுப்பிலும் (இன்று நீர்வளத்துறை), சிறியவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் அமைந்தன. மீன்பாசி ஏலம் மட்டும் தொடர்ந்தது. ஏலத்தில் எவரும் கேட்கலாம் என்பது சட்டம். முன்பணம் கட்ட வல்லவர் கேட்டனர் என்பது யான் கண்டது. எங்கள் தெருவிலிருந்து ஒருவர் ஒருமுறை துணிந்து கேட்டார். அன்று மாலையே அவர் வீட்டுத் திண்ணையில் ஊர்ப் பெரியவர்கள் நால்வர் வந்து அமர்ந்தனர். அவர் பின்னர் கேட்கவில்லை.

பையில் வந்த மீன்

தாத்தாவின் வாதத்தை முற்றாக வீழ்த்தியது உதைத்த கால் அன்று, விஞ்ஞானம். இதை யான் குறையாகச் சொல்லவில்லை, நிகழ்ந்ததைச் சொல்கிறேன். 1952-இல் இந்தியாவுக்குள் கொணரப்பட்ட ஆப்பிரிக்க மீனாகிய திலேப்பியா, ‘ஜிலேபிக் கெண்டை’ என்ற பெயரோடு நம் கண்மாய்களில் குடியேறிற்று. அது ஏறவேண்டிய தேவையே இல்லாத மீன். தேங்கிய நீரிலேயே குழி பறித்து, முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். பின்னர் 1957-இல் ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரி என்னும் அறிஞர், ரோகு போன்ற பெருங்கெண்டை இனங்களை ஊசி வழியே தூண்டி முட்டையிடச் செய்யும் முறையில் வெற்றி கண்டார். இவ்வினங்கள் இயல்பில் வெள்ளம் பாயும் ஆறுகளில்தான் முட்டையிடும். தேங்கிய கண்மாயில் இடா. ஒரு கிலோ எடையுள்ள ரோகுவின் வயிற்றில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் முட்டைகள் இருக்கும். ஆகவே பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் காற்று நிரப்பிய பாலித்தீன் பைகளில் அடைத்து, லாரியில் ஏற்றி வந்து கண்மாயில் விடும் முறை நாடெங்கும் பரவிற்று.

இதனால் மீன் மலிந்தது. நாட்டின் உணவு பெருகிற்று. ஆனால் குத்தகைக்காரருக்கு வரத்துக்காலும் மறுகாலும் இனி வேண்டியதில்லை. மீன் வழி அடைபட்டால் அவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை. மறுகாலில் கம்பிவலை கட்டி, விட்ட மீன் வெளியே போகாமல் காப்பதே அவர் கவலை. அவ் வலை, கீழிருந்து ஏறும் மீனையும் தடுக்கும். மேலும், ‘யான் விதைத்த மீன்’ என்று அவர் சொல்லும்பொழுது, நம்மிடம் மறுமொழி இல்லை. மழை தந்த மீனுக்கு உரிமை கேட்கலாம். பையில் வந்த மீனுக்கு எவ்வாறு கேட்பது?

அதே காலத்தில் வரத்துக்கால்கள் தூர்ந்தன, சில ஆக்கிரமிக்கப்பட்டன, சிலவற்றில் நகரத்துக் கழிவு ஓடிற்று. நெல் வயல்கள் பல தென்னந்தோப்பாயின. எஞ்சிய வயலில் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டது. குஞ்சின் தொட்டில் போயிற்று. எண்டோசல்பான் என்னும் மருந்தை உச்சநீதிமன்றம் 2011-இல் தடை செய்தது. அதற்கு முன்பு, அம்மருந்தின் காலிக் குப்பிகளை ஓடையில் கழுவியதை யான் பலமுறை கண்டிருக்கிறேன். கழுவியவர்களும் நம்மவரே, கூலிக்குத் தெளித்தவர்கள்.

நம்மவர் தவறு என்று வந்துவிட்டபடியால் இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மலைச்சரிவில் வாழும் பளியர், மருக்காரைக் காயை நசுக்கி ஓடை மடுவில் கலந்து, மயங்கி மிதக்கும் மீனைப் பொறுக்கும் வழக்கம் உடையவராயிருந்தனர். காயின் நஞ்சு சில நாழிகையில் கரைந்துவிடும். கோடையில், ஒரு மடுவில் மட்டும் கலப்பர். அதனைக் கேள்வியுற்ற நம் இளைஞர் சிலர், காய்க்குப் பதில் பூச்சிமருந்துத் தூளைக் கலந்தனர். கல்குவாரியில் வேலை செய்தோர் தோட்டாவை வெடித்தனர். மீனோடு அயிரைக் குஞ்சும் தவளையும் நண்டும் மிதந்தன. மூன்று மைல் தொலைவுக்கு ஓடையில் ஓர் உயிர் இல்லை. கல்லில் வாயால் ஒட்டிக்கொண்டு வெள்ளத்தையும் தாங்கும் கல்லொட்டி மீன் கூடத் தப்பவில்லை. குத்தகைக்காரர் பறியை மிதித்ததை நினைவில் வைத்திருக்கும் நாம், இதனை மறந்துவிடுதல் நேர்மை ஆகாது.

மலைக்கு அப்பால்

போடிமெட்டைத் தாண்டிய கேரள மண்ணில், முதல் மழையில் மீன் ஏறுவதை ‘ஊத்த’ என்பர். அங்கும் சினைமீனைக் கூட்டம் கூட்டமாய்ப் பிடிக்கும் வழக்கம் இருந்தது. 2010-ஆம் ஆண்டின் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டமும் அதன் விதிகளும் ஏறும் மீனைப் பிடிப்பதைக் குற்றமாக்கின. குமுளிப் பக்கம் பெரியாற்று நீர்த்தேக்கத்தில் மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினர் மீன்பிடி உரிமை பெற்றுத் தொழில் செய்கின்றனர். 1895-இல் பென்னிகுவிக் கட்டிய அணையால் உண்டான அந்த ஏரியில்தான், உலகில் வேறெங்கும் இல்லாத பெரியாற்று மீனினம் ஒன்று வாழ்கிறது. அதனை 1941-இல் அறிவியல் உலகுக்கு அறிவித்தவர் சென்னை மாகாண மீன்வளத் துறையில் இயக்குநராகப் பணியாற்றிய சுந்தரராஜ். அவ் ஏரியிலும் இன்று அயல் மீன்களே வலையில் மிகுதியாக விழுகின்றன. உரிமை பெற்றவர்க்கும் பழைய மீன் இல்லை. பழைய மீனின் வழி அறிந்த நமக்கோ உரிமை இல்லை.

சென்ற ஐப்பசியில் எங்கள் பள்ளி மாணவர் சிலரை ஒரு கண்மாயின் மறுகாலுக்கு அழைத்துச் சென்றேன். ஓரளவே நீர் வழிந்தது. கல்தளத்தில் விரல் நீளக் கெண்டைகள் ஐந்தாறு துள்ளி விழுந்து, மீண்டும் துள்ளின. ஒன்று ஏறிற்று. மாணவரிடம் தாளைக் கொடுத்து, அறிந்த நன்னீர் மீன்களின் பெயரை எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் எழுதியவை கட்லா, ரோகு, ஜிலேபி. அன்று மாலை நம் தெருவில் எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவரிடம் அதே வினாவைக் கேட்டேன். அயிரை, குறவை, விரால், ஆரால், உளுவை, கெளுத்தி, விலாங்கு, சேல் என்று சொல்லிக்கொண்டே போனவர், பதினாறாவது பெயரில் நிறுத்தி, “அதெல்லாம் எதுக்கு சார் இப்ப கேக்குறீக?” என்றார். எழுதி வைக்க என்றேன்.

தாத்தாவின் பறி இன்றும் எம் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஒரு பக்கம் நெரிந்திருக்கிறது. அவர் அதனைச் சீர்செய்யவில்லை. வெள்ளி விழாக் கண்காட்சிக்கு அதனைக் கொணர்வதாகச் செயற்குழுவினரிடம் கூறியுள்ளேன்.